கழுத்தோரம் ஒளிரும் கொழுப்பு

சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒருவருக்குக் கட்டி இருப்பது தெரிந்து, ‘பெட் ஸ்கேன் எடுத்துக்கிட்டு வாங்க’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், பலரும் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே வெறும் வயிற்றோடு உட்கார வைத்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, கை நரம்பில் ஓர் ஊசி போடுவார்கள். பிறகு ஒரு மணி நேரம்போல் பேசாமல், அலட்டிக்கொள்ளாமல் படுத்திருக்க வேண்டும். ஏசி அறை. வெயிலில் வந்த உடம்புக்கு முதலில் சுகமாக இருக்கும், அப்புறம் குளிரத் தொடங்கும். போர்வை கேட்டால் தயங்காமல் தருவார்கள். கவனமான மையங்களில் கேட்காமலே போர்த்திவிடுவார்கள். இதை வெறும் உபசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. குளிரில் கிடந்தவரின் கழுத்தோரமும் காறை எலும்புக்கு மேலும் படத்தில் பளிச்சென்று தெரிந்து, நோய் நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டதோ என்று படம் பார்ப்பவரைக் குழப்பிவிடும். அப்படி ஒளிர்வது பல நேரம் நோயே அல்ல. பழுப்புக் கொழுப்பு.

தொப்பையிலும் இடுப்பிலும் சேர்வது வெள்ளைக் கொழுப்பு; அது சேமிப்பு. பழுப்புக் கொழுப்பு செலவாளி. அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும். அவற்றில் உள்ள இரும்புச் சத்துதான் அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம். மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, செல்லின் வேலைக்கான ஆற்றலாக மாற்றித் தரும். இங்கே மட்டும் யுசிபி-1 என்றொரு புரதம் நடுவில் புகுந்து அந்த ஆற்றலை ஒழுக விட்டுவிடுகிறது. பைக்கை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினால் பெட்ரோல் தீரும், இன்ஜின் கொதிக்கும், வண்டி நகராது. அதே கதைதான். கிடைப்பது வெப்பம் ஒன்றே. பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இந்தக் கொழுப்புதான் அதைக் காக்கிறது.

குழந்தைப் பருவம் முடிந்தால் இதற்கு வேலையில்லை என்றே மருத்துவப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த எண்ணத்தை உடைத்தது புற்றுநோயைத் தேடப் பயன்படும் இந்த எந்திரம்.

ஊசியில் போவது எஃப்டிஜி. குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு மூலக்கூறு. அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்திருப்பார்கள். 110 நிமிடங்களில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் தயாரித்து நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. சர்க்கரைக்குப் பசித்திருக்கும் செல், குளுக்கோஸ் என்று நம்பி இதை உள்ளே இழுக்கும். ஆனால் முழுக்கச் செரிக்க முடியாமல் பொருள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து வெளிவரும் பாசிட்ரான் பக்கத்தில் உள்ள எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழியும்போது, இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். சுற்றியிருக்கும் வளையம் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, எந்தக் கோட்டிலிருந்து வந்தன என்று கணக்குப் போடும். மூளை எப்போதும் ஒளிரும். சிறுநீர்ப்பையும் ஒளிரும், மிச்ச மருந்து வெளியேறும் வழி அதுதானே. புற்றுக்கட்டி ஒளிரும். சூடேற்றும் வேலையில் இறங்கியிருந்தால் பழுப்புக் கொழுப்பும் ஒளிரும்.

பெட் ஸ்கேன் தனியாக இருந்த காலத்தில் கழுத்தோர ஒளியைத் தசை இறுக்கம் என்று சொல்லிக் கடந்தார்கள். அதோடு சிடி ஸ்கேனும் ஒரே எந்திரத்தில் சேர்ந்த பிறகு, ஒளிரும் இடத்தின் அடர்த்தியையும் பார்க்க முடிந்தது. அது தசையின் அடர்த்தி அல்ல, கொழுப்பின் அடர்த்தி. 2002இல் சூரிச் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 2009 ஏப்ரலில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஒரே இதழில் மூன்று ஆய்வுகளை வெளியிட, பெரியவர்களிடமும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது என்பது உறுதியானது.

அந்த மூன்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்டனில், ஏற்கெனவே வேறு காரணங்களுக்காக ஸ்கேன் எடுத்த 1,972 பேரின் 3,640 படங்களைப் புரட்டினார்கள். பெண்களில் 7.5 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 3.1 சதவீதத்தினரிடமும்தான் பழுப்புக் கொழுப்பு தெரிந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலோ 24 இளைஞர்களை 16 டிகிரிக் குளிரில் வைத்துப் படமெடுத்தார்கள். 23 பேரிடம் தெரிந்தது! உடம்பின் வாகு இவ்வளவு மாறிவிடாது. மாறியது அறையின் வெப்பநிலை. அதாவது, இந்த எந்திரம் காட்டுவது கொழுப்பின் இருப்பை அல்ல, அந்த நேரத்து உழைப்பை. படத்தில் இருட்டாக இருந்தால் ‘இல்லை’ என்று பொருளில்லை. ‘இப்போது வேலையில்லை’ என்பதுதான் பொருள்.

கடலூர்க் கரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மார்கழி அதிகாலையில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வெப்பத்தை வெளியேற்றுவதுதான் நம் உடம்பின் பாடு. பழுப்புக் கொழுப்பை எழுப்ப இங்கே ஆளில்லை.

இதற்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா? நியூயார்க்கில் 52,000க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2021இல் வெளியான முடிவு உண்டு என்கிறது: பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ஒளிராதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கு. நெதர்லாந்தின் லைடனில் 2014இல், ஒல்லியான தெற்காசிய வம்சாவளி இளைஞர்களையும் வெள்ளையர்களையும் குளிரூட்டிப் பார்த்தார்கள். தெற்காசியர்களிடம் பழுப்புக் கொழுப்பின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நம்மவர்களுக்கு ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருவதற்கு இதுதான் விடை என்று துள்ள வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 12 பேர்தான். எது காரணம், எது விளைவு என்பதும் தீராத கேள்வி. ஆனால் அலட்சியப்படுத்தக் கூடிய செய்தியும் அல்ல: 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய்.

உடனே ஐஸ் தண்ணீர்க் குளியல் வீடியோக்கள் நினைவுக்கு வரும். மாஸ்ட்ரிக்ட்டிலேயே 2015இல் எட்டுச் சர்க்கரை நோயாளிகளைப் பத்து நாள், தினம் ஆறு மணி நேரம் வரை 14-15 டிகிரியில் வைத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் 43 சதவீதம் கூடியது. பலே என்று சொல்லும் முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பழுப்புக் கொழுப்பில் ஏற்பட்ட மாற்றம் சொற்பம், பெரும் பங்கு தசையினுடையது. சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரும் மிராபெக்ரான் மாத்திரையை வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதில் 200 கொடுத்துப் பார்த்ததில், பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறின. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது.

பழுப்புக் கொழுப்பைப் பார்க்கவென்றே யாரும் பெட் ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை. ஓராண்டில் இயற்கையாக உடம்பில் படும் கதிர்வீச்சைப்போல் சில மடங்கு ஒரே நாளில் ஏறும். அதற்கு மாற்றாக, கதிர்வீச்சில்லாத எம்ஆர்ஐயில் திசுவின் நீரும் கொழுப்பும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளக்கிறார்கள். காறை எலும்புப் பள்ளத்தின் தோல்சூட்டை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கிறார்கள். இரண்டும் இன்னும் ஆய்வுக்கூட வேலைதான்.

பழுப்புக் கொழுப்பை விடுங்கள், வெள்ளைக் கொழுப்பை அளக்கத் தையல்காரர் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டியிருந்தால், பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.