முதுகில் ஒட்டிய எலும்பு சேர்ந்துவிட்டதா?

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையைக் கீறி, நல்ல இனத்து மொட்டுப் பட்டையைச் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது, கறுத்திருந்தால் போயிற்று!

முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சையும் இதைப் போன்றதுதான். நிலை தவறி நரம்பை நெரிக்கும் முள்ளெலும்புகளுக்கிடையே எலும்புத் துண்டுகளை வைத்து, அவற்றை ஒரே எலும்பாகச் சேர வைக்கிறார்கள். அந்தத் துண்டுகளைச் சில வேளை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுப்பார்கள். அவை சேரும் வரை டைட்டேனியத் திருகாணியும் கம்பியும் தாங்கிக்கொண்டிருக்கும். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே இம்முறையை வெளியிட்டார்கள். முதுகெலும்பில் காசநோய் கண்டு கூன் விழுந்தவர்களுக்கு அன்று அது பெரும் நம்பிக்கையாக இருந்தது.

ஆனால் முதுகைத் திறந்து ஒட்டு பிடித்ததா என்று பார்க்க முடியுமா? அங்குதான் படம் கை கொடுக்கிறது.

முதலாவது, நமக்குப் பழக்கமான எக்ஸ்ரே. 1895-இல் ஜெர்மானியரான ரோண்ட்ஜன் கண்டுபிடித்தது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்களிலும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் எடுப்பார்கள். இரு எலும்புகளுக்கிடையே வெண்மையான பாலம் வளர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. திருகாணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது தளர்கிறதோ என்று ஐயப்படுவார்கள். சில வேளை முன்னே குனியச் சொல்லி ஒரு படமும், பின்னே வளையச் சொல்லி ஒரு படமும் எடுப்பார்கள். எலும்பு இன்னும் அசைகிறதா என்று பார்ப்பதற்கே அது.

எக்ஸ்ரேயில் தெளிவு கிடைக்காவிட்டால் சி.டி. ஸ்கேன். 1971-இல் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. இதை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டும், இதற்குக் கணக்கு வகுத்த கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரொட்டியை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல் எலும்பின் உட்புறத்தைக் காட்டும். ஆனால் இதில் கதிர்வீச்சு அதிகம். ஆகவே ஒவ்வொரு முறையும் எடுக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள் எந்தப் படம் எடுப்பதற்கு முன்பும் அதைச் சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இல்லை. நரம்பு நெரிபடுகிறதா என்று அறிய அது உதவும்.

இத்தனை சோதனை எதற்கு? நம் குடும்பங்களில் பலர், “வலி போய்விட்டது, இனி என்ன!” என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வலி போனது வேறு, எலும்பு சேர்ந்தது வேறு. எலும்பு சேர ஆறு மாதம் முதல் ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குள் இருபது கிலோ செம்பனைக் குலையைத் தூக்கினால் பாரம் முழுவதும் திருகாணிமேல் விழும். எலும்பு சேராமலே போனால் திருகாணி ஒரு நாள் தளரும், அல்லது முறியும். மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய நேரலாம்.

ஆகவே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ, கோலாலம்பூர்ப் பெரியாஸ்பத்திரிக்கோ குறித்த நாளில் தவறாமல் போங்கள். வேறு இடத்தில் எடுத்த பழைய படம் இருந்தால் கூடவே கொண்டு போங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால்தான் வளர்ச்சி விளங்கும். வேலையில் அடிபட்டவர்கள் சொக்சோ உதவி கேட்கும்போது மருத்துவ அறிக்கைகள் தேவைப்படும், அவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: சிகரெட்டும் சுருட்டும் எலும்பு சேர்வதைத் தடுக்கும். நீரிழிவைக் கட்டுக்குள் வையுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பாரம் தூக்கும் நாளை வலி இல்லாத முதுகைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்; படத்தைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.