பிள்ளையின் மேற்படிப்பும் கடையின் முதலும்

குத்தூசி போட்டுப் பார்க்காமல் பருப்பு மூட்டை இறக்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்த பிறகுதான் விலை பேச்சு. பத்து மூட்டைச் சரக்குக்கே இத்தனை கவனம். ஆனால், லட்சக் கணக்கில் முதலும் பிள்ளையின் நான்கைந்து ஆண்டு வயதும் போகிற மேற்படிப்பு விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? எதிர்க் கடைக்காரர் மகன் சேர்ந்த கல்லூரியிலேயே நம் மகனையும் சேர்க்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்தான் யோசிக்கவே தொடங்குகிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருவண்ணாமலை வட்டாரத்து வியாபாரப் பெருமக்கள் இந்த விஷயத்தைச் சற்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வியாபாரிகள் வளர்த்த கல்வி

படிப்பு நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் 1889-ஆம் ஆண்டிலேயே வியாபாரிகள் மகமைப் பணத்தைக் கொண்டு க்ஷத்திரிய வித்யாசாலையை நிறுவினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்த காலமும் உண்டு. அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தார். பின்னாளில் முதலமைச்சரானதும், பசியால் எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றதற்கு இந்த அஸ்திவாரம்தான் காரணம்.

ஆக, பிள்ளைகளைப் பாஸ் செய்ய வைக்க நமக்குத் தெரியும். பாஸ் செய்த பிறகு எந்த வாசலுக்கு எந்தச் சாவி என்பதில்தான் தடுமாறுகிறோம்.

மாறி மாறி வந்த விதிகள்

தடுமாற்றத்துக்குக் காரணமும் இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறின. பழைய பி.யு.சி. போய் 1978-ல் பிளஸ் டூ வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அப்போது பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என மொத்தம் 300-க்குக் கணக்கு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்ற குரல் எழுந்து, 2006 டிசம்பரில் சட்டமன்றம் சட்டம் இயற்ற, 2007 முதல் அந்தத் தேர்வு போயிற்று. பத்தாண்டுகள் பிளஸ் டூ மார்க்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பிறகு 2017 முதல் மருத்துவத்துக்கு அகில இந்திய நீட் தேர்வு நம் மாநிலத்திலும் கட்டாயமாயிற்று.

அந்த 2017-ஐ மறக்க முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய கணக்குப்படி மருத்துவ இடம் கிடைத்திருக்கும். நீட் மார்க்கால் அது இல்லை என்றான பின், செப்டம்பர் 1-ஆம் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கும் வாதமும் இருக்கட்டும். நடுவழியில் விதி மாறும்போது அடி வாங்குவது பிள்ளைதான் என்பதைப் பெற்றவர் மறந்துவிடக் கூடாது. ஆகவே அண்ணன் மகன் சேர்ந்த வருடத்து விதியை வைத்து இந்த வருடம் கணக்குப் போட வேண்டாம். அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

உண்மையான கொள்முதல் நாள்

பிளஸ் டூ முடிந்த பிறகுதான் முடிவு என்று நினைக்கிறோம். உண்மையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பதினொன்றில் குரூப் கேட்கிறார்களே, அன்றைக்கே பாதி வாசல் திறந்தோ மூடியோ விடுகிறது.

கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பி.இ. பக்கம் போக முடியாது. உயிரியல் இல்லாமல் மருத்துவ ஆசை வைப்பது வீண். இரண்டும் சேர்ந்த குரூப்பில் இரண்டு வாசலும் திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். காமர்ஸ் குரூப் என்றால் முகம் சுளிக்கிறவர் நம்மிலேயே இருக்கிறார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் நாம் ஆடிட்டர் வாசலில் நிற்பதை நினைத்தால் அந்தச் சுளிப்பு வராது. பிளஸ் டூ எழுதியவர் எந்தக் குரூப் ஆனாலும் சி.ஏ. பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் எந்தக் குரூப்பும் போதும்.

குரூப் எடுக்கும் அந்த ஒரு வாரம் தகப்பனார் கடையைத் தம்பியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் பேச வேண்டும். பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது என்பது வீட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்க்கைக் கணக்கிடுவது எப்படி?

பொறியியலுக்கான கட் ஆஃப், பில் தாளின் பின்பக்கத்தில் போட்டுவிடக் கூடிய கணக்குதான். கணிதம் நூற்றுக்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால், 90, 42, 44 சேர்ந்து 176. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பாருக்கு எந்த மார்க் வரை கிடைத்தது என்ற பட்டியலோடு இதை ஒத்துப் பார்க்கலாம்.

நீட் தேர்வு 720-க்கு. கேள்விகள் 180. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. உயிரியலில் மட்டும் 90 கேள்வி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற தேர்வு. எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் பிள்ளையை அலைக்கழிக்காமல், ஒன்றையோ இரண்டையோ தேர்ந்து முழு மனதோடு எழுதச் செய்வதே நல்லது.

கலந்தாய்வும் சுலபமாகியிருக்கிறது. முன்பெல்லாம் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் பிடித்துச் சென்னை போய், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் காத்திருக்க வேண்டும். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. மாவட்டந்தோறும் உதவி மையமும் உண்டு. விருப்பப் பட்டியலில் கிடைக்கும் என்று தோன்றுவதை அல்ல, பிள்ளை மிகவும் விரும்புவதையே முதலில் வைக்க வேண்டும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் அடுத்தது பார்க்கப்படும் என்பதால் இதில் நஷ்டம் இல்லை.

காகிதங்கள்

சரக்கு இருந்தும் பில் இல்லாவிட்டால் செக்போஸ்டில் லாரி நின்றுவிடும். படிப்பிலும் அப்படித்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்பே வாங்கி வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் இடஒதுக்கீடு 69 சதவீதம். சான்றிதழ் இல்லையென்றால் அந்த உரிமை கைக்கு வராது.

ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளியில் வேறு இனிஷியல் என்றிருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பே திருத்திவிடுவது உத்தமம்.

குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் உண்டு. அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வி சேருவோருக்கு இதனால் படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. நம் கடைக்காரர் வீடுகளில் இந்தச் சலுகைக்கு உரியவர்கள் ஏராளம். கேட்காமல் விட்டவர்களும் ஏராளம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. நம் பகுதியில் உதவி பெறும் பள்ளிகள் பல என்பதால், இதையும் அதையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.

பணமும் புரோக்கரும்

மே மாதம் பிறந்தால் கடை வாசலில் ஒருவர் வந்து உட்காருவார். “அண்ணாச்சி, நமக்கு வேண்டிய காலேஜ்தான். இன்னைக்கு அட்வான்ஸ் கொடுத்தா சீட்டு உறுதி. நாளைக்கு என்னால சொல்ல முடியாது” என்பார். மளிகைக் கடைக்காரர் ஒருவர் இப்படி ஐம்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீது இல்லை. கலந்தாய்வு வந்தபோது பையனின் மார்க்குக்கு அதைவிட நல்ல கல்லூரியே கிடைத்தது. கொடுத்த அட்வான்ஸ் திரும்பவில்லை. ரசீது தராத சப்ளையரிடம் நாம் சரக்கு எடுப்போமா?

நன்கொடை வசூலிப்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கூறியிருக்கிறது. இவற்றைத் தெரிந்து பேசினாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

செலவை ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்கக் கூடாது. கட்டணம், ஹாஸ்டல், மெஸ், பஸ், புத்தகம், ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் சேர்த்து, படிப்பு முடியும் வரை பெருக்கிப் பார்க்க வேண்டும். வருடம் ஒன்றரை லட்சம் என்று தலையாட்டினால் நான்கு வருடத்தில் ஆறு லட்சம். அதைச் சரக்கு முதலிலிருந்து உருவினால் இரண்டாம் வருடமே கடையில் அலமாரி காலியாகும். மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால் கடையே போகும். வங்கிகளில் கல்விக் கடன் நான்கு லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது.

தூரத்துக் கல்லூரிதான் உயர்ந்தது என்பதும் இல்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரியும் ராம்கோ பொறியியல் கல்லூரியும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கமும், சிவகாசியில் மெப்கோவும் இருக்கின்றன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் 150 இடங்களோடு தொடங்கியது. எதுவானாலும் நேரில் போய், அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் விசாரிப்பதுதான் குத்தூசி. விளம்பரத்தில் வரும் படம் சாம்பிள் ஆகாது.

பிள்ளையிடம் பேசுவது

கடைசியாகச் சொன்னாலும் இதுவே முதன்மையானது. புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு வருகிற கூட்டத்தில் நமக்குக் கை ஓயாத வியாபாரம். தீபாவளி, பொங்கல் வந்தால் சொல்லவே வேண்டாம். இரவு பத்தரைக்கு ஷட்டர் இறக்கி வீடு வருகையில் பிள்ளை தூங்கியிருக்கும். இதனால் நாம் பிள்ளையிடம் கேட்கும் ஒரே கேள்வி, “எவ்வளவு மார்க்?” என்பதாகிவிடுகிறது.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. வீட்டில் நாம் இன்னும் நிறுத்தவில்லை. “மாமா பையனைப் பார்” என்ற ஒரு வார்த்தை கொல்லன் சம்மட்டி போல விழும். ஒரு பாடத்தில் தவறினால் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. நீட்டில் குறைந்தால் மறு வருடம் எழுதலாம். ஆனால் எத்தனை முறை, எவ்வளவு செலவில், அதற்கிடையே வேறு எந்தப் படிப்பில் சேர்ந்திருப்பது என்று மூவரும் உட்கார்ந்து முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பாலிடெக்னிக் முடித்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. ரிசல்ட் நாளில் பிள்ளை அறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தால் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். “எப்படியும் கட்டிக் கொடுக்கப் போகிறோம்” என்று பக்கத்தில் கிடைத்ததில் சேர்ப்பது, நல்ல சரக்கை வந்த விலைக்குத் தள்ளுவது போன்றது.

“எல்லாரும் படிக்கப் போய்விட்டால் கடையை யார் பார்ப்பது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விருப்பமில்லாமல் கல்லாவில் உட்காருகிற மகனால் கடை தேறாது. விருப்பத்தோடு படித்துவிட்டு வருகிறவன் கடையைக் காப்பான். வராதவன் வேறிடத்தில் நம் பெயரைக் காப்பான்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் உறுப்பினர்கள் இன்று இரவே பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிள்ளையின் விருப்பம், ஆசிரியர் கருத்து, வேண்டிய சான்றிதழ்கள், மொத்தச் செலவு ஆகிய நான்கையும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். புள்ளி போட்டபின் கோலம் எளிது.