பிரிந்த பெற்றோரிடையே குழந்தைப் பொறுப்பைப் பகிர்தல்

பிரிந்த பெற்றோரிடையே குழந்தைப் பொறுப்பைப் பகிர்தல் என்பது, மணமுறிவுக்குப் பின்னோ தனித்து வாழும்போதோ குழந்தை யாரிடம் வளரும், மற்றவர் எப்போது பார்ப்பார், செலவை யார் ஏற்பார் என்பவற்றைத் தாயும் தந்தையும் பேசி முடிவுசெய்யும் ஏற்பாடாகும். இந்தியச் சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில் (மே 2015) கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. எனினும் இருவரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு குழந்தைக்கு நன்மை தருமானால் நீதிமன்றம் அதை ஆணையாகப் பிறப்பிக்கலாம்.

சட்ட நிலை

காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890 எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அதன்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். கீதா ஹரிஹரன் வழக்கில் (1999), தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்பட முடியும் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையிலும், மகள் பருவமடையும் வரையிலும் தாயின் பராமரிப்பில் இருப்பர். தந்தை இயற்கைக் காப்பாளர்.

எந்தச் சட்டமானாலும் குழந்தையின் நலனே முதன்மை. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் (1973), பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சூழல் மாறினால் ஆணையையும் மாற்றலாம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

உடன்பாட்டில் எழுத வேண்டியவை

- பள்ளி நாள்களில் தங்கும் வீடு. வார இறுதி, கோடை விடுமுறை, பொங்கல், நோன்புப் பெருநாள் ஆகியவற்றின் பங்கீடு
- அழைத்துச் செல்லும் இடம், நேரம், உடன் வருபவர்
- பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு
- பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை போன்றவற்றில் இருவரின் சம்மதம்
- தாத்தா, பாட்டியைப் பார்க்கும் நாள்கள்

செலவுப் பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டிலும் இழப்பு குழந்தைக்கே.

வெளிநாட்டில் வேலை

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அத்தகைய குடும்பத்தில் வாரந்தோறும் சந்திப்பது இயலாது. நேரில் பார்க்க இயலாத பெற்றோர் காணொலி அழைப்பில் பேச வழிசெய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020இல் வலியுறுத்தியது. அழைப்பின் நாளையும் நேரத்தையும், ஊருக்கு வரும் விடுப்பில் குழந்தை தங்கும் நாள்களையும் எழுதிக்கொள்வது நல்லது. சிறாரின் கடவுச்சீட்டை யார் வைத்திருப்பது என்பதையும் குறிக்க வேண்டும். குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே வெளிநாடு கொண்டுசெல்லப்பட்ட குழந்தையை மீட்பது கடினம்.

எங்கே பேசுவது

ஜமாஅத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ பேசி எழுதும் தாள் சமரசத்துக்கு உதவும். ஆனால் அது நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது. குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். குடும்பநல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு (தொலைபேசி 15100). வன்முறை நடந்த வீட்டில் பகிர்வுப் பேச்சு பொருந்தாது. அங்கே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நடுவரிடம் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம்.