பெத்தாய்: உணவா, மருந்தா?

"பெத்தாய் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாமே, உண்மையா?" நீரிழிவு நோயாளிகளின் வீட்டார் எங்கள் உணவியல் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேளாமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சைப் பெத்தாயை மென்றுவருபவர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

பெத்தாய் மலேசியா, இந்தோனேசியா, தென் தாய்லாந்து ஆகிய பகுதிகளில் வளரும் நெடுமரம். முறுக்கிய நீண்ட காய்கள் கொத்தாகத் தொங்கும். ஒராங் அஸ்லி மக்கள் காட்டிலிருந்து பறித்துவந்து சாலையோரம் விற்பதை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அதன் நெடிக்குக் கந்தகச் சேர்மங்களே காரணம். மறுநாளும் மூச்சிலும் சிறுநீரிலும் அந்த வாடை வீசினால் அஞ்ச வேண்டியதில்லை. அது நோய்க்குறி அன்று.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விதையில் புரதமும் நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. 1990களில் மலேசிய ஆய்வாளர்கள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இவ்விதையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. பீட்டா சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் இரு பொருள்களின் கூட்டுவிளைவு அது என்றும் கண்டனர். ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது ஆய்வகச் சாறு, உண்டவை எலிகள். நம் தட்டில் இருப்பதோ சம்பால். மெட்ஃபார்மினுக்கோ இன்சுலினுக்கோ பெத்தாய் ஈடாகாது.

கைப்பேசிகளில் சுற்றிவரும் பெத்தாய்ப் புகழுரை ஒன்றையும் பலர் எங்களிடம் காட்டியுள்ளனர். வாழைப்பழத்தைப் பற்றி முன்பு மின்னஞ்சலில் உலவிய செய்திதான் அது. பழத்தின் பெயரை எடுத்துவிட்டுப் பெத்தாயின் பெயரைப் பொருத்தியிருக்கிறார்கள்!

உண்பதற்குத் தடையில்லை. ஆயினும் சம்பாலில் சேரும் உப்பு, எண்ணெய், பெலாச்சான், நெத்திலி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு விதையைவிட அவையே இடர். பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகள், பெத்தாய் உண்ணுமுன் எங்களிடம் அளவு கேட்டுக்கொள்வது நலம்.

இனி, பெத்தாயோடு ஒரே கடையில் கிடைக்கும் ஜெரிங் பற்றி. இந்தோனேசியர் இதனை ஜெங்கோல் என்பர். தட்டையாக, வட்டமாக, பெத்தாயைவிடப் பெரிதாக இருக்கும். இதிலுள்ள ஜெங்கோலிக் அமிலத்தை 1933ஆம் ஆண்டில், டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில், நஞ்சுற்றவரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். இந்த அமிலம் சிறுநீர்ப் பாதையில் ஊசிபோன்ற படிகங்களாகி அடைப்பையும் புண்ணையும் உண்டாக்கவல்லது. சிலர் பல விதைகள் உண்டும் நலமாக இருப்பர். சிலருக்குச் சிலவே தீங்காகும். யாருக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. வேகவைத்தாலும் இடர் முற்றாக நீங்குவதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஜெரிங்கை அறவே தவிர்க்க வேண்டும்.

ஜெரிங் உண்ட சில மணி நேரத்தில் விலாவிலோ அடிவயிற்றிலோ கடும் வலி, சிறுநீரில் இரத்தம், சிறுநீர் குறைதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். எத்தனை விதைகள், எப்போது உண்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வலியில் துடிக்கும் நோயாளிக்கு முன்தின உணவு நினைவுக்கு வராமற் போகலாம், சமைத்தவருக்கு நினைவிருக்கும்.