கல்லீரலுக்குள் ஒரு மடைக்காரர்!

பஸ், லாரிப் புகையில் கலந்து வருகிற ஒரு வாயு நம் உடம்புக்குள்ளேயும் உற்பத்தியாகிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும்! அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. (மயக்கத்துக்குக் கொடுக்கிற ‘சிரிப்பு வாயு’ வேறே. அது நைட்ரஸ் ஆக்ஸைடு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் ஏதோ ஒன்றைச் சுரந்து குழாயை விரியச் செய்கின்றன என்று 1980-ல் சொன்னவர் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட். அந்த ‘ஏதோ ஒன்று’, சில விநாடிகளே தங்குகிற இந்த வாயுதான் என்பது பிறகு தெரிந்தது. அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் இருவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி, கல்லீரலில் இதற்கென்ன வேலை?

இதயம் தள்ளுகிற ரத்தத்தில் சுமார் கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர்! அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல், மண்ணீரல் பக்கமிருந்து ‘போர்ட்டல் வெயின்’ என்ற பெரிய சிரை வழியாக வருகிறது. காலையில் சாப்பிட்ட இட்லியின் மாவுச்சத்து இந்த வழியாகத்தான் கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது.

சாப்பிட்டதும் இந்த வரத்து கூடும். ஆனால், அழுத்தம் ஏறக்கூடாது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பி.பி. 120 என்றால், இந்தச் சிரையில் வெறும் 5 முதல் 10-தான்.

கல்லீரலுக்குள் ரத்தம் ‘சைனுசாய்டு’ என்னும் நுண்ணிய வாய்க்கால்களில் ஓடுகிறது. அவற்றை வெளியிலிருந்து கட்டிப்பிடித்தபடி ‘ஸ்டெல்லேட்’ செல்கள் இருக்கின்றன. இவை இறுகினால் வாய்க்கால் குறுகும், தளர்ந்தால் விரியும். வரத்து கூடி ரத்தம் சுவரில் உராய்ந்ததும், சுவர் செல்கள் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கின்றன. அது பக்கத்திலுள்ள ஸ்டெல்லேட் செல்லிடம், ‘பிடியைக் கொஞ்சம் தளர்த்துப்பா’ என்கிறது. தண்ணி வந்ததும் மதகைத் தூக்கிவிடுகிற மடைக்காரர் மாதிரி!

மடைக்காரர் படுத்துவிட்டால்?

குடி, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், கொழுப்புக் கல்லீரல்... இவற்றால் வருஷக்கணக்கில் தழும்பு ஏறி வருவதுதான் ‘சிரோசிஸ்’. தழும்பு வழியை அடைப்பது ஒரு பக்கம். சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிப்பதைக் குறைத்துவிட, வாய்க்கால்கள் இறுகிப்போவது மறுபக்கம்.

கூத்து என்னவென்றால், கல்லீரலுக்கு வெளியே, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இதே வாயு அளவுக்கு மீறிச் சுரக்கிறது! அவை விரிந்து, இன்னும் அதிக ரத்தம் போர்ட்டல் சிரைக்குள் கொட்டுகிறது. கீழே மதகு மூடிக் கிடக்கு. மேலே அணையைத் திறந்துவிட்டால் கரை தாங்குமா?

ரத்தம் குறுக்கு வழி தேடுகிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைக்கின்றன. ஒருநாள் வெடித்தால் ரத்த வாந்திதான். மண்ணீரல் வீங்கும். வயிற்றில் நீர் கோத்து மகோதரம் வரும்.

‘அப்போ அந்த வாயுவை மருந்தாகக் கொடுத்தால் போச்சே?’ என்று கேட்பீர்கள். விழுங்குகிற மருந்துக்கு ‘கல்லீரலில் மட்டும் வேலை செய்’ என்று சொல்ல முடியாதே! உடம்பு முழுக்கக் குழாய்கள் விரிந்து பி.பி. இறங்கும், சிறுநீரகம் தவிக்கும். ஜிம் கடைகளில் விற்கிற அர்ஜினைன் பவுடரும் இதற்கு வைத்தியம் ஆகாது.

அதனால் டாக்டர்கள் மேலிருந்து வருகிற வரத்தைக் குறைக்கிறார்கள். ப்ரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரைகள் அதற்குத்தான். புடைத்த சிரைகளை எண்டோஸ்கோப்பி மூலம் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும் உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு:

* சீட்டில் ‘பி.பி. மாத்திரை’ என்று பார்த்துவிட்டு, ‘இவருக்குத்தான் பி.பி. இல்லையே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது கல்லீரல் சிரைக்கான காவல். தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றுவார்.

* ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுப்பாக மலமோ வந்தால் ‘விடியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

* சிரோசிஸ் உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடக்கூடாது.

* சர்க்கரை, பருமன் உள்ளவர்கள் கல்லீரலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாக்கலாம்.

* ‘இனி நிறுத்தி என்ன பிரயோஜனம்’ என்பார்கள் குடிப்பவர்கள். இருக்கிறது! சிரோசிஸ் வந்த பிறகும்கூட, குடியை விட்டால் பலருக்குச் சிரையின் அழுத்தம் இறங்குகிறது.