மூன்று படிகளும் ஒரு பெட்டியும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் ஒரே படியாக வைத்த செல்வம் ஓரிரவில் அழியும் என அன்று அறிந்தோம். இதற்குக் கணினித்துறை காணும் விடை யாது?

கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைப்பதே அவ்விடை. சான்றாக, 'செஃப்' என்னும் மென்பொருளை நோக்குவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பார் செய்த ஆய்வில் பிறந்தது அது. கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் பொதுவாக மூன்று படிகளாக வெவ்வேறு கணினிகளில் வைக்கும். ஒன்று பழுதுற்றால், எஞ்சியவற்றிலிருந்து புதுப்படி எடுத்துக் குறையை நிரப்பும்.

இம்மென்பொருளை இன்று 'கொள்கலன்'களில் இட்டும் இயக்குகின்றனர். ஜார்ஜ் டவுன் கரையில் நின்று எதிரே பட்டர்வொர்த் துறைமுகத்தைப் பார்ப்போர்க்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். உள்ளே எச்சரக்கு இருப்பினும் பெட்டியின் அமைப்பு ஒருசீராதலின், கப்பலும் பாரந்தூக்கியும் அதனைத் தடையின்றி ஏற்கும். அவ்வாறே, மென்பொருளும் அதற்கு வேண்டுவனவும் ஒரு கட்டாக அமையின், வெவ்வேறு கணினிகளிலும் ஒரே வகையாய் இயங்கும்.

ஆயினும் சில மறத்தலாகாது. கணினிக் கொள்கலன் நிலையற்றது. அதை நீக்கினால் அதனுள் எழுதியவையும் நீங்கும். ஆதலின் கோப்புகள் அதற்கு வெளியேயுள்ள வட்டில் தங்க வேண்டும். மூன்று கொள்கலன்களையும் ஒரே கணினியில் வைத்தால், அது கெடும்போது மூன்றும் கெடும். தவறி அழித்த கோப்போ மூன்று படிகளிலும் அழியும். எனவே வேறிடத்தில் தனிக் காப்புப்படியும் வேண்டும். பள்ளி மலர்களையும் சங்க ஏடுகளையும் கணினியில் ஏற்றும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.