புதியவர் வருமுன் ஒரு சொல்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை நாள் முழுவதும் ஓய்வதில்லை. புதுக் கடை திறப்போரும், புது வேலையில் சேர்வோரும் அங்கு ஒரு தேங்காயை உடைத்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்கின்றனர். அருகிலுள்ள சாலை பஜாரில் மொத்த வணிகம் செய்யும் கடையொன்றின் மூத்த கணக்கர், ஒரு நாள் காலை கோயிலிலிருந்து நேராக எங்கள் வங்கிக்கு வந்தார். பணம் செலுத்திய பின்னும் அவர் இடத்தைவிட்டு நகரவில்லை.

“சார், எங்கள் முதலாளி புதிதாகக் காசாளர் ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறார். அந்த ஆள் முன்பிருந்த கடையில் பணம் குறைந்ததாகக் கேள்வி. சொன்னால் ஒருவர் வயிற்றில் அடித்த பாவம்; சொல்லாவிட்டால் உப்பிட்டவருக்குத் துரோகம். நான் என்ன செய்வது?”

இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. கடையோ, தொழிற்கூடமோ, அலுவலகமோ, புதியவர் ஒருவர் வரவிருக்கும் இடங்களிலெல்லாம் எழுவதே. பலர் வாயை மூடிக்கொள்கின்றனர். வேறு சிலர் முதலாளியைத் தவிர மற்ற அனைவரிடமும் சொல்லிவிடுகின்றனர். இரண்டும் தவறு.

மூன்று கேள்விகள்

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நீங்கள் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா? அது அவர் பார்க்கப்போகும் வேலையோடு தொடர்புடையதா? அவர் வராவிட்டால் உங்களுக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா?

முதல் கேள்விக்கு, அக்கடையில் வேலை பார்த்த ஒருவர் சொன்னது என்றார். இரண்டாவதற்குத் தயக்கமின்றி ஆம் என்றார். பணம் கையாளும் வேலைக்குப் பண நேர்மை தொடர்புடையதே. ஒருவருடைய சாதி, மதம், ஊர், தாய்மொழி ஆகியவை அவ்வாறு தொடர்புடையவை அல்ல. அவற்றைக் காரணமாக்குவது வெறும் காழ்ப்பு.

மூன்றாம் கேள்விக்குச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “என் தங்கை மகன் இதே வேலைக்கு முயல்கிறான்” என்றார். அதற்காக அவர் பேசாதிருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளியிடம் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுப் பின்னர் வெளிப்பட்டால், அவர் சொன்ன உண்மையும் சூழ்ச்சியாகவே தோன்றும்.

சட்டம் தரும் காப்பு

“அவதூறு வழக்கு வந்துவிடுமோ?” என்பது அவருடைய அடுத்த அச்சம். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமே இந்நிலையை எண்ணிப் பார்த்திருக்கிறது. அதன் 499ஆம் பிரிவின் ஒன்பதாம் விதிவிலக்கின்படி, தம் நலனையோ பிறர் நலனையோ பொது நன்மையையோ காக்கும் பொருட்டு ஒருவரைப் பற்றி நல்லெண்ணத்துடன் கூறுவது அவதூறு ஆகாது. சட்டம் அங்கு தரும் எடுத்துக்காட்டே ஒரு கடைக்காரரைப் பற்றியதுதான். ஒருவருடைய நேர்மையில் தமக்கு நம்பிக்கை இல்லாததால், ரொக்கம் பெறாமல் அவருக்குச் சரக்குத் தரவேண்டாம் எனத் தம் வணிகத்தை நடத்துபவரிடம் அவர் சொல்கிறார். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இவ்விதிவிலக்கு தொடர்கிறது.

ஆனால் உரிய கவனமும் எச்சரிக்கையும் இன்றிச் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணத்துடன் செய்ததாக ஏற்பதில்லை. ஆகவே முடிவெடுக்கும் பொறுப்புடையவரிடம் தனியே கூறுவது வேறு. தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பரப்புவது வேறு.

ஐயமும் வாய்ப்பும்

பழவங்காடிக் கணபதியே ஒரு படையோடு இவ்வூருக்கு வந்தவர். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் வழிபட்ட திருவுருவம், படை திருவனந்தபுரத்துக்கு மாறியபோது உடன் கொண்டுவரப்பட்டது. இன்றும் கோயிலைப் பேணி வருவது இந்திய இராணுவமே. திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்த டி லெனாய், 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று, மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டவர். நேற்றைய எதிரியைப் படையில் சேர்ப்பதைவிட ஐயத்துக்குரிய நியமனம் வேறென்ன இருக்கிறது?

மன்னர் முதல் நாளே படை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்துவிடவில்லை. முதலில் சில படைப்பிரிவுகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அளித்தார். ‘வலிய கப்பித்தான்’ என்னும் உயர்நிலை பின்னர் வந்ததே. 1777இல் மறையும்வரை டி லெனாய் திருவிதாங்கூருக்கே பணியாற்றினார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு உள்ளது.

வங்கிகள் பின்பற்றுவதும் இத்தகைய வழியே. புதியவர் தகுதிகாண் பருவத்தைக் கடக்க வேண்டும். பணப் பெட்டகத்தை ஒருவர் மட்டும் திறக்க இயலாதவாறு சாவிகள் இருவரிடம் இருக்கும். முக்கியப் பொறுப்பில் உள்ள ஊழியரை ஆண்டுதோறும் தொடர்ந்து 10 வேலை நாள்களுக்குக் குறையாமல், முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. நல்லவரையும் ஐயத்திலிருந்து காப்பவை இவ்வேற்பாடுகளே.

எப்படிச் சொல்வது?

பணி ஆணை கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு எனப் பிரித்துச் சொல்லுங்கள். “அவரை எடுக்காதீர்கள்” என்று தீர்ப்பு வழங்காமல், “முன்பிருந்த இடத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்” என்று வேண்டுங்கள். முடிவு வேறாக இருந்தால் அதை ஏற்று, புதியவரோடு இணைந்து பணியாற்றுங்கள். இறுதியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் கடினமானது.

கணக்கர் அன்று மாலையே முதலாளியைத் தனியே சந்தித்து, தங்கை மகன் செய்தி உட்பட அனைத்தையும் கூறினார். முதலாளி பழைய கடைக்காரரிடம் விசாரித்தார். பணம் குறைந்தது உண்மை. ஆயினும் மூவர் கையாண்ட ஒரே பணப்பெட்டி அது. யார்மீதும் குற்றம் உறுதியாகவில்லை. முதலாளி அவரையே வேலைக்கு எடுத்தார். கூடவே ஒரு புதிய ஏற்பாட்டையும் செய்தார்: பணம் வாங்குபவர் கணக்கு எழுதக் கூடாது, கடை அடைக்கும் முன் இருவரும் சேர்ந்து இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

தங்கை மகனுக்கு அவ்வேலை கிடைக்கவில்லை. கணக்கருக்கு அதில் சிறிது வருத்தம் உண்டு. இப்போது கணக்கரும் காசாளரும் சேர்ந்தே எங்கள் வங்கிக்கு வருகின்றனர். ஒருவர் பணத்தை எண்ணுகிறார். மற்றவர் செலுத்துச் சீட்டை நிரப்புகிறார்.